பத்துப் பேருக்குக் குறைந்தால் உயிர் மலிவா?

தங்கவயல் சுரங்கத்துக்குள் உயிர்ப்பலி கொடுத்து வந்து சேர்ந்த பாதுகாப்பு, சுரங்கம் மூடியபின் கட்டட வேலைக்கு வரவேயில்லை. சிறு மேஸ்திரிகளும் வீடு கட்டுபவர்களும் உடனே செய்ய வேண்டியது என்ன?

பாறைத் தூசு மனித நுரையீரலை என்ன செய்யும் என்று இந்தியாவுக்கு முதலில் எடுத்துக்காட்டிய ஊர் கோலார் தங்கவயல். 1940-களில் இங்கே 7,653 சுரங்கத் தொழிலாளர்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. 1947-இல் அந்த முடிவு வெளியானது. நம் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடநூலில் சிலிகோசிஸ் என்ற தலைப்புக்குக் கீழே இன்றும் இந்த ஊரின் பெயர் இருக்கிறது.

தங்கவயலில் தங்கம் தனியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்லின் ரேகைகளில் அது கலந்து கிடந்தது. அந்தக் கல் முழுக்க முழுக்க சிலிக்கா. அதைத் துளைத்து, வெடி வைத்து, பொடியாக அரைத்துத்தான் தங்கம் எடுத்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது முதல் நூற்றிருபது ஆண்டுகள், வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அந்தத் தூசுக்குள் இறங்கி வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போனது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று இவ்வூர் அழைத்த பாறை வெடிப்பில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் விதிகள் வந்தன. 1952-இல் சுரங்கச் சட்டம் வந்தது. வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, வேலை தொடங்குமுன் பயிற்சி, வெடி வைக்கவும் கூரையைப் பார்க்கவும் தேர்வு எழுதிச் சான்று பெற்ற ஆள், மீட்புப் படை, சுரங்க ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாறை எப்போது எங்கே வெடிக்கும் என்று ஆராயவே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இவ்வூரில் தொடங்கப்பட்டது. எல்லாம் குறையில்லாமல் நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு தொழிலாளி இறந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அங்கே ஒரு விடை இருந்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் மகனும் பேரனும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலருக்குக் கட்டட வேலை. ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் சிலர் மேஸ்திரிகளாகி ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பங்காருப்பேட்டையிலும் சதுர அடிக் கணக்கில் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய வேலையாள் ஒருவர் கிரானைட் பலகையைக் கட்டிங் மெஷினால் உலர அறுக்கும்போது எழுகிற வெள்ளைப் புகையில் இருப்பதும் சிலிக்காதான். தாத்தாவின் நுரையீரலை அரித்த அதே பொருள். தாத்தாவுக்கு எக்ஸ்ரே எடுக்க ஆள் இருந்தது. பேரனுக்கு இல்லை.

பெரிய கட்டுமான நிறுவனங்களில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். வாசலில் பலகை இருக்கிறது. நாலு கொத்தனார், மூன்று சித்தாள், இரண்டு கம்பி ஆட்களை வைத்து வீடு கட்டும் மேஸ்திரிக்கு எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் செலவிடுவது தன்னைப் போன்ற சிறிய ஆளுக்குக் கட்டாது என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் ஒரு விபத்தைத் தாங்க முடியாதவரும் அவர்தான். பெரிய நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மேஸ்திரி வீட்டை விற்க வேண்டி வரும்.

சட்டம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது

கட்டடத் தொழிலாளருக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்ற குரல் தெற்கிலிருந்துதான் வலுவாக எழுந்தது. தமிழ்நாட்டில் 1979-இல் கட்டடத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1985-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய அளவில் பிரசாரக் குழு அமைந்தது. பதினோரு ஆண்டுகள் மனுக் கொடுத்தும் ஊர்வலம் போயும் பெற்றதுதான் 1996-ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதரக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயை ‘செஸ்’ வரியாகப் பிடித்துத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் துணைச் சட்டம்.

சட்டம் வந்தும் பணம் தொழிலாளியின் கைக்குப் போகவில்லை. வசூலான தொகையின் பெரும்பகுதி மாநிலங்களின் வாரியங்களில் முடங்கிக் கிடந்தது. அதில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய செய்திகூட உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2018 மார்ச்சில் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு கடுமையான தீர்ப்பு எழுதியது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1996 சட்டம், 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் கரைந்தன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி எல்லாத் தொழிலாளருக்கும் வேலை நியமனக் கடிதம் உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம், 60 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் இறந்தாலோ, 48 மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாதபடி காயம் பட்டாலோ தொழிலாளர் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

சிக்கல் அந்தப் ‘பத்துப் பேர்’ என்ற சொல்லில் இருக்கிறது. 1996 சட்டத்திலும் இதே எல்லைதான். சொந்த வீடு கட்டுபவருக்கு அப்போது ரூ.10 லட்சம் வரை விலக்கு இருந்தது. புதிய தொகுப்பு அதை ரூ.50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. தங்கவயலில் முப்பதுக்கு நாற்பது மனையில் எழும் சராசரி வீடு இந்த விலக்குக்குள் சுலபமாக அடங்கிவிடும். ஆக, சாரம் எப்படிக் கட்ட வேண்டும், குழியை எப்படித் தாங்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் விதிகள், இந்த ஊரில் அதிகமாக நடக்கும் வேலையைத் தொடாமலே கடந்துபோகின்றன. இரண்டாவது மாடியிலிருந்து விழுகிறவருடைய எலும்பு, கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து உடைவதில்லை.

இந்த விலக்கைப் பார்த்து ‘நமக்குச் சட்டமே இல்லை’ என்று முடிவுகட்டும் மேஸ்திரி பெரிய குழிக்குள் கால் வைக்கிறார். இழப்பீட்டுக்குப் பத்துப் பேர் கணக்கு கிடையாது. குற்றவியல் சட்டத்துக்கும் கிடையாது.

15,59,850 ரூபாய்

முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர் வேலையில் இருக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே முறைதான். மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. இந்தக் கணக்குக்கான சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் மத்திய அரசு விதித்த உச்சவரம்பு ரூ.15,000. பாதி 7,500. பெருக்கினால் 15,59,850 ரூபாய். இருபத்தைந்து வயது இளைஞர் என்றால் இன்னும் கூடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம்.

‘சென்ட்ரிங் வேலையை வேறொருவருக்கு விட்டுவிட்டேன், விழுந்தது அவருடைய ஆள்’ என்று மேஸ்திரி சொல்ல முடியாது. தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவருக்கு ஒப்பந்தம் விட்டவர், அந்த ஆளுக்கும் முதலில் இழப்பீடு கொடுத்தாக வேண்டும். பிறகு உள்ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டு உரிமையாளர் கட்டுமானத்தைத் தொழிலாகச் செய்பவர் அல்ல. ஆகவே பாரம் பெரும்பாலும் மேஸ்திரியின் தலையில்தான் வந்து நிற்கும். 1923 சட்டத்தின் பட்டியலில் ஒரு தளத்துக்கு மேற்பட்ட கட்டடமும், தரையிலிருந்து 12 அடியோ அதற்கு மேலோ உயரமுள்ள கட்டடமும் இருந்தன. எந்த வீடு 12 அடிக்குக் கீழே நிற்கும்?

மாரிகுப்பம் ரயிலில் போகிறவர்களுக்கு முக்கியமான ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரிந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும் என்கிறது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது இறந்த காவலாளி ஒருவரின் வழக்கில், பழைய சட்டத்துக்கும் இதே பொருள்தான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாததால் எத்தனை குடும்பங்கள் கேட்காமலே விட்டிருக்கும்!

குற்றவியல் பக்கம் இன்னும் கடுமையானது. கவனக்குறைவால் உயிர் போனால் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது ஐந்து ஆண்டு வரை. அதே ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி பெங்களூர் பாபுசாபாளையத்தில் கொட்டும் மழையில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குக் கட்டடம் சரிந்து குறைந்தது எட்டுத் தொழிலாளர்கள் இறந்தபோது, அனுமதித்ததைவிடக் கூடுதல் மாடிகள் எழுப்பியிருந்தது தெரியவந்தது. உரிமையாளர் தரப்பும் ஒப்பந்தக்காரரும் கைதானார்கள்.

இதற்கெல்லாம் சிறு மேஸ்திரி எங்கே போவார்? அவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தக்காரர்கள் ‘டபிள்யூ.சி. பாலிசி’ என்று சொல்லும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களே தருகின்றன. வேலை நடக்கும் காலத்துக்கு, இத்தனை கொத்தனார், இத்தனை சித்தாள் என்ற கணக்கில் எடுக்கலாம். அதன் பிரீமியத்தை வீட்டு மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் வரி இருக்கும்போது ஆளின் உயிருக்கு ஒரு வரி இருக்கக் கூடாதா?

அஸ்திவாரம் முதல் தளம் வரை

காப்பீடு குடும்பத்துக்குப் பணம் தரும், ஆளைத் திருப்பித் தராது. எனவே வேலைத்தளத்துக்கு வருவோம். ஒரு சின்ன வீட்டு வேலையில் உயிர் போகும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் எளிய தடுப்பு உண்டு.

முதலில் குழி. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. நெஞ்சு வரை மூடினாலே அது விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையும் குறுக்குக் கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காமல் ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். ஏறி வர ஏணி ஒன்று எப்போதும் குழிக்குள் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மேஸ்திரி சுற்றிவந்து பார்க்காமல் யாரையும் இறக்கக் கூடாது. தங்கவயலில் இதற்கு மேல் ஒன்று உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாகக் குடைந்த நிலம் இது. கடைக்கால் எடுக்குமுன் அந்த மனைக்குக் கீழே பழைய சுரங்க வேலை நடந்ததா என்று ஊரின் பழைய சுரங்கத் தொழிலாளரிடமும் பொறியாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வது இங்கே வேலையின் ஒரு பகுதி.

அடுத்தது தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும். பழைய மலக்குழியில் விஷவாயு இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். புதிதாகக் கட்டிய சம்ப்புக்குள்ளும் ஆள் சாவது பலருக்குத் தெரியாது. தளம் போட்டுச் சில நாள் மூடிவைத்த தொட்டிக்குள் ஈரப் பலகைகளும் தேங்கிய தண்ணீரும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குபவர் சில நொடியில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவு வருவது இதனால்தான். மூடிகளை எல்லாம் முதல் நாளே திறந்துவைத்து, புளோயர் மூலம் காற்றைச் செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்ற பிறகே ஆளை இறக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் மலக்குழி என்றால் யாரையும் இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2011-இல் இதே தங்கவயலில் மலக்குழியில் மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். இப்படிப்பட்ட சாவுக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரூ.30 லட்சமாக உயர்த்தியது. எந்தக் குடும்பமும் அந்தத் தொகையை வாங்கும் நிலைக்கு வரக் கூடாது.

மூன்றாவது மின்சாரம். மழைத் தண்ணீரில் கிடக்கும் வயரும், பிளக் இல்லாமல் சொருகிய வயர் முனையும், எர்த் இல்லாத மிக்ஸர் மெஷினும் நம் தளங்களில் சர்வ சாதாரணம். தற்காலிக இணைப்புப் பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினால் கசிவு வந்த கணத்திலேயே மின்சாரம் துண்டிக்கப்படும். தெருவில் போகும் 11 கிலோவோல்ட் கம்பி இன்னொரு எமன். மாடியில் கம்பியைத் தூக்கித் திருப்பும்போது அது பட்டுவிட்டால் தப்பிப்பது அரிது. மின்சார விதிகளின்படி அந்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி போதாது என்றால் பெஸ்காம் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அந்த நேரத்துக்கு இணைப்பை நிறுத்தவோ கம்பியை நகர்த்தவோ கேட்க வேண்டும்.

நான்காவது உயரம். கட்டட வேலையில் உலகெங்கும் அதிக உயிர் போவது விழுந்துதான். சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவதை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. ஆனால் நிற்கும் பலகை இரண்டடி அகலமாவது இருக்கட்டும். பலகையின் இரு முனையும் கட்டப்பட்டிருக்கட்டும். இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு ஓடட்டும். மாடிப்படி ஓட்டையையும் ஜன்னல் ஓட்டையையும் மறைத்துவையுங்கள். ஓரத்தில் நிற்பவருக்கு ஐ.எஸ். 3521 முத்திரையிட்ட முழு உடல் பெல்ட் வேண்டும். அந்தப் பெல்ட்டின் கொக்கியைச் சாரக் கம்பில் மாட்டினால் பயனில்லை, தூண் கம்பியில் மாட்ட வேண்டும். ஐ.எஸ். 2925 ஹெல்மெட் ஒரு மூட்டை சிமென்ட் விலைக்குள் கிடைக்கிறது. கீழே கலவை சுமக்கும் சித்தாளுக்கும் அது வேண்டும். மேலேயிருந்து விழும் செங்கல் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

ஐந்தாவது தளம் போடும் நாள். ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலக் கான்கிரீட் என்றால் எடை ஏறத்தாழ 28 டன். ஆட்கள், மிக்ஸர் சுமை, வைப்ரேட்டரின் அதிர்ச்சி எல்லாம் அதற்கு மேலே. அத்தனையையும் சில மணி நேரம் தாங்குவது முட்டுகள் மட்டுமே. முட்டுக்கு அடியில் வெறும் மண்ணோ அடுக்கிய செங்கல்லோ இருக்கக் கூடாது, தடித்த பலகை வேண்டும். முட்டுகளைக் குறுக்காக ஒன்றோடொன்று கட்ட வேண்டும். கான்கிரீட் விழும்போது கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. பிரிப்பதில் அவசரம் இன்னொரு கொலையாளி. ஐ.எஸ். 456 விதிப்படி நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்கு முன் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் பதினான்கு நாள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்குப் பதினான்கு, அதற்கு மேல் இருபத்தொரு நாள். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று ஐந்தாம் நாளே பிரிப்பவர், கீழே நிற்கும் ஆளின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

மெதுவாகக் கொல்லும் தூசு

விபத்து ஒரு நொடியில் நடக்கிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். தூசு பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது, யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் தங்கவயல் இதைப் பற்றி மற்ற ஊர்களைவிட உரத்துப் பேச வேண்டும்.

கிரானைட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. எம்-சாண்டிலும் கான்கிரீட்டிலும் அது இருக்கிறது. உலரக் கல் அறுப்பது, சுவரில் வயர் பைப்புக்குக் காடி எடுப்பது, டைல்ஸை வெட்டுவது, தரையை பாலிஷ் செய்வது, வேலை முடிந்து கூட்டிப் பெருக்குவது ஆகிய ஐந்திலும் அது காற்றில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் அந்தத் தழும்பு வளரும். குணப்படுத்த மருந்து இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு பல மடங்கு. காசநோய் என்று மட்டும் எண்ணி மருந்து சாப்பிட்டே இறந்தவர்கள் ஏராளம். படிகச் சிலிக்கா தூசு புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

ஊருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன், இன்னும் நடுவூரில் நிற்கிறது. கோடைக்காற்றில் அந்தச் சயனைடு மேடுகளின் தூசு வீட்டுக்குள் வருகிறது. ஏற்கெனவே இந்தக் காற்றைச் சுவாசிப்பவரைத்தான் நாம் கட்டிங் மெஷின் முன்னால் உட்கார வைக்கிறோம்.

வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்தைத் தொடும். அதை அறுத்த இளைஞர்களுக்கு நோய் வந்ததும் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. இங்கே ராஜஸ்தான் அரசு 2019-இல் நிமோகோனியோசிஸ் கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானால் ரூ.3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் ரூ.2 லட்சம் தருகிறது. சிலிகோசிஸ் முதலில் பதிவான மாநிலமான கர்நாடகம் இந்த வழியில் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

மேஸ்திரி செய்ய வேண்டியது கடினமானதல்ல. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விழ வேண்டும். தண்ணீர் ஊற்றும் கட்டிங் மெஷின் கடையில் கிடைக்கிறது, இல்லாவிட்டால் ஒரு பாட்டிலும் குழாயும் போதும். நனையும் இடத்தில் மின்கசிவு வராமலிருக்க மேலே சொன்ன ஆர்.சி.சி.பி. கட்டாயம். உள்ளறையில் அறுக்காமல் வெளியே காற்றோட்டத்தில் அறுக்கட்டும். தரையைக் கூட்டுமுன் தண்ணீர் தெளிக்கட்டும். துண்டையோ சர்ஜிக்கல் மாஸ்க்கையோ கட்டுவது நுண்தூசைத் தடுக்காது. என்-95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 முகமூடி வேண்டும், அதுவும் தாடியின்றி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு அவ்வப்போது ஒன்று. சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய். விபத்தைப் போலவே அதற்கும் இழப்பீடு கேட்கலாம். எந்த மேஸ்திரியிடம் எத்தனை நாள் கல் அறுத்தார் என்று எழுதிவைத்த ஏடு இருந்தால்தான் அந்தக் குடும்பம் நாளை வழக்கில் நிற்க முடியும்.

மேஸ்திரியின் ஒரு கையெழுத்து

தொழிலாளிக்கு நல வாரியத்தின் கதவைத் திறப்பதும் மேஸ்திரிதான். 18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்த யாரும் கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, சிகிச்சை, விபத்து உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்கிற சித்தாளுக்கும், கூலிக்கு வரும் அயல்மாநிலத்தவருக்கும் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று தேவை. அந்தச் சான்றில் கையெழுத்திடப் பல மேஸ்திரிகள் அஞ்சுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் தங்கள் மேல் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு குடும்பத்தின் ஓய்வூதியம் பலியாகிறது. வேலையே செய்யாதவர்கள் போலிச் சான்றில் அட்டை வாங்குவதும், வெயிலில் நின்றவர்கள் அட்டை இல்லாமல் திரும்புவதும் ஒரே நோயின் இரு பக்கம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், வயது, வந்த நாள், கொடுத்த கூலி நான்கையும் எழுதி வைத்தால் கையெழுத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. விபத்து, வழக்கு, காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த நோட்டுதான் முதல் ஆதாரம்.

மொழியும் ஒரு தடை. தங்கவயல் மேஸ்திரி தமிழில் பேசி, தமிழில் திட்டமிட்டு, தமிழில் ஆட்களை ஏவுகிறார். விதிகளும் படிவங்களும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் தமிழன், தளத்துக்குள் கால் வைக்குமுன் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேர வேண்டும். அந்தப் பாடம் அங்கே தமிழிலேயே நடக்கிறது. கடல் கடந்து ஒரு நாடு தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழில் சொல்லித்தர முடியும்போது, அவன் சொந்த ஊரில் அது முடியாதா?

இங்கே செய்யக்கூடியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ராபர்ட்சன்பேட்டை நகரசபை வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போதே, குழி, தொட்டி, மின்சாரம், சாரம், முட்டு, தூசு ஆறையும் பற்றிக் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம். தொழிலாளர் துறை மாதம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமையாக, மாரிகுப்பம் ரயில் நிலையத்துக்கு அருகே பதிவு முகாம் நடத்தலாம். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களால் அலுவலகத்துக்கு வர முடியாது. நல வாரியத்தின் பணத்தில் நடமாடும் எக்ஸ்ரே வண்டி ஒன்று கல் அறுப்பவர்களைத் தேடி வரலாம். கர்நாடக அரசு புதிய தொகுப்புகளுக்கு விதிகள் எழுதும்போது, உயரத்திலும் குழியிலும் நடக்கும் வேலைக்கும் கல் அறுப்புக்கும் ஆள் எண்ணிக்கை எல்லை கூடாது என்று சேர்க்க வேண்டும். மத்திய அரசும் பத்துப் பேர் என்ற கோட்டை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீடு கட்டுபவருக்கும் பங்கு இருக்கிறது. பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து ஒரு மேஸ்திரி சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார், இன்னொருவர் அவை இல்லாமல் குறைவாகக் கேட்கிறார் என்றால், முதலாமவரிடம் வேலையைக் கொடுங்கள். மலிவாகக் கேட்பவர் மிச்சப்படுத்துவது சித்தாளின் ஹெல்மெட்டையும் கொத்தனாரின் பெல்ட்டையும்தான். ஒப்பந்தத்தில் இன்ஷூரன்ஸ் உண்டா, ஏழு நாளுக்கு முன் பலகை பிரிக்க மாட்டீர்களா, தொட்டிக்குள் யார் இறங்குவார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஐயரை அழைத்து நல்ல நேரம் பார்க்கிறோம். அந்த வீட்டுக்காக யாரும் சாகவில்லை என்பதைவிட நல்ல சகுனம் வேறில்லை.

தங்கவயல் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் நாடு முழுவதுக்கும் சுரங்கப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்தார்கள், தங்கள் நுரையீரலை விலையாகக் கொடுத்து. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கட்டட வேலையில் அதே விலையை மறுபடி கொடுக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றி அறுக்கும் ஒரு மெஷின், இடுப்பு உயரத்தில் ஒரு கம்பு, எழுதிவைத்த ஒரு நோட்டு, எடுத்துவைத்த ஒரு பாலிசி. இந்த நான்கோடு நாளைக் காலை வேலையைத் தொடங்கும் மேஸ்திரி, சட்டம் தன் வாசலுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.